கை விட்டுப் பார்த்தல்

மார்ச் முழுக்க ஈற்றுக் காலம்.
வேல்ஸ் மலைகளில் நடுநிசியிலும் தொலைபேசி அடிக்கும்.
சட்டையைக் கழற்றி, தோள்வரை சோப்பு தேய்த்து
கை விட்டுப் பார்ப்பேன்.
தலை முன்னாலா, கால் மடங்கியிருக்கிறதா,
ஒன்றா இரண்டா, உயிர் இருக்கிறதா.
ஆட்டுக்காரர் சொல்வதை நம்பமாட்டேன்.
முப்பத்தோரு வருடத்தில் ஒருமுறைகூட
நம்பியதில்லை.

மெய்ரிக் டிராக்டருக்கு அடியில் போனான்.
உயிலில் என் பெயர் இருந்தது,
அவன் மச்சான் கெத்தின் பெயருக்குப் பக்கத்தில்.
இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு ஒன்பது.
இருபத்தைந்து ஆகும்வரை அவர்கள் பணம் எங்கள் காவலில்.
அறங்காவலர் என்று வாசித்தார் வக்கீலம்மா.
எவ்வளவு பெரிய சொல்!
தொப்பியைக் கழற்றினேன்.
அத்தோடு என் வேலை முடிந்ததென்று நினைத்துவிட்டேன்.

வருடத்துக்கொருமுறை கெத்தின் காகிதங்களோடு வருவான்.
நான் ஏதாவதொரு கொட்டகையில் இருப்பேன்.
வண்டி பானெட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போடுவேன்,
சாணி ஒட்டாதிருக்க
சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு.
அவ்வளவு கவனம்.

கடலோரத்தில் கேரவன் பூங்கா என்றான்.
பொன் விளையும் என்றான்.
யாருடைய பூங்கா என்று கேட்கவில்லை.
அவனுடையது.
காவலனாக ஒரு கையால் கொடுத்து
விற்பவனாக மறு கையால் வாங்கியிருக்கிறான்.
இரண்டுக்கும் நடுவே
என் கையெழுத்து.

பிறகு ஒரு டிசம்பரில் கடல் உள்ளே வந்தது.
நாற்பது கேரவன்கள் வேலியில் குவிந்து கிடந்தன,
கதவுகளிலிருந்து பாசி தொங்க.
கெத்தின் திவாலாகி
மகன் வீட்டு மாடியில் படுத்துக்கொண்டான்.

மெலேரிக்கு இருபத்தைந்து ஆனது.
அழவில்லை. கத்தவில்லை.
கணக்கு கேட்டாள்.

கார்டிஃப் நீதிமன்றத்தில் சொன்னேன்:
ஒரு பென்னி எடுக்கவில்லை, என் கை சுத்தம்.
நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
எடுத்ததாக யாரும் சொல்லவில்லையே, டாக்டர்.
பார்த்தீர்களா?
கூட இருந்தவரை நம்பினேன் என்றேன்.
அந்தக் குழந்தைகளின் அப்பா நம்பியது உங்களை என்றார்.

பாதிக்குப் பாதி என்று நினைத்திருந்தேன்.
சட்டத்துக்கு வகுத்தல் தெரியாது.
இருவருமே முழுத் தொகைக்கும் பொறுப்பு,
ஒருவனிடம் இல்லையென்றால் இருப்பவன் கொடுக்க வேண்டும்.
அவன் பங்கை அவனிடமே வசூலித்துக்கொள்ளலாமாம்.
திவாலானவன் சட்டைப் பைக்குள்
தாராளமாகக் கை விட்டுப் பார்க்கலாம்.

வீட்டை விற்றோம்.
எனிட் ஒன்றும் சொல்லவில்லை.
சாவியைக் கொடுக்குமுன் ஜன்னல்களைத் துடைத்தாள்,
வருகிறவர்களுக்காக.
இப்போது கிளினிக்குக்கு மேலே இரண்டு அறை.
கீழே நாய் குரைத்தால் அலமாரியில் தட்டுகள் நடுங்கும்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு அழைப்பு.
மெலேரி.
அப்பாவின் மேட்டு நிலத்தில் இருபது செம்மறி வைத்திருக்கிறாள்.
பாலத்துக்கு இந்தப் பக்கம் வேறு டாக்டர் கிடையாது.
பேசவில்லை. டார்ச் பிடித்தாள்.
சட்டையைக் கழற்றினேன்.
உள்ளே இரண்டு குட்டிகள், கழுத்தும் காலும் பின்னிக்கொண்டு.
எது எதன் கால் என்று விரலால் தேடி
முட்டியிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து தலைக்கு,
கண்ணை மூடிக்கொண்டு பிரித்தேன்.
முதல் குட்டி தும்மியது.
இரண்டாவதை வைக்கோலால் தேய்த்தேன், மூக்கில் ஊதினேன்,
பின்னங்காலைப் பிடித்துச் சுழற்றினேன்.
டார்ச் வெளிச்சம் நகரவேயில்லை.
கடைசியில் அவள்தான் போதும் என்றாள்.

பில் எழுதிக் கொடுத்தேன்.
என் வண்டி பானெட்டின்மேல் விரித்து
முதல் வரியிலிருந்து படித்தாள்.
ஊசி. மருந்து. இரவு நேரக் கூடுதல்.
பதினான்கு மைலா? பன்னிரண்டு என்றாள்.
பன்னிரண்டுதான்.
திருத்தினேன்.
மழை பிடித்துக்கொண்டது. அவள் அவசரப்படவில்லை.
காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.
அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
அதையும் பார்த்த பிறகுதான்
பேனா கேட்டாள்.